வேட்பாளரின் பக்திக்கு எத்தனை மதிப்பெண்? வாக்காளருக்கு ஒரு நோட்டுப் புத்தக வழி

தேர்தல் வரப்போகிறது என்பது எனக்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலேயே தெரிந்துவிடும். வழக்கமாக மோர் ஊற்றும் பையன்களுக்கு நடுவில் புது ஜிப்பா போட்ட ஒருவர் கரண்டியோடு நிற்பார். எதிரே நான்கு கேமரா. மோர் வாங்கும் பாட்டியின் முகம் மட்டும் எந்தப் படத்திலும் சரியாக விழுந்திருக்காது.

நான் மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் வளர்ந்தவள். நீதிமன்றங்களில் 31 வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். 2022 தேர்தலுக்கு முன்பு கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆன பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல், அவளுக்கும் முதல் ஓட்டு. "பாட்டி, எங்க தொகுதியில நிக்கிற ஒருத்தர் கிறிஸ்தவராம். கோயில் பக்கமே வரமாட்டாராம். அவருக்குப் போடலாமா, கூடாதா?" என்றாள். நான் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண நோட்டு போதும். வேட்பாளருக்கு ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. இடது பக்கத்துக்கு 'காட்சி' என்று தலைப்பு, வலது பக்கத்துக்கு 'ரசீது'.

இந்த ரசீதுக்கு ஒரு கதை உண்டு. ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் நெற்றி நிறைய விபூதியோடு கூண்டில் ஏறி, "கற்பூரம் கொண்டுவரச் சொல்லுங்கம்மா, அணைச்சுச் சத்தியம் பண்றேன்" என்றார். அதை மலாயில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மாஜிஸ்திரேட் பொறுமையாக, அதெல்லாம் வேண்டாம், உறுதிமொழி போதும் என்றார். அரை மணி நேரம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பெட்ரோல் ரசீதை நீட்டினார். சம்பவத்தன்று வீட்டை விட்டே கிளம்பவில்லை என்ற மனிதர், அன்று மாலை தைப்பிங்கில் பெட்ரோல் போட்டிருக்கிறார். அவர் முருக பக்தர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. பக்தியும் அசல்தான், பொய்யும் அசல்தான்.

ஆகவே பால்குடம் எடுத்தது, சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியது, பள்ளிவாசலில் நோன்பு திறந்தது, எல்லாம் இடது பக்கம். வேட்பாளர் சொன்னதும் செய்ததும் ஆதாரத்தோடு கிடைத்தால் வலது பக்கம். 2022இல் நாடாளுமன்றம் கலைந்தது அக்டோபர் 10, தீபாவளி அக்டோபர் 24, வேட்புமனுத் தாக்கல் நவம்பர் 5. அந்த வருடம் இடது பக்கம் எப்படி நிரம்பியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாக்களிப்பு நவம்பர் 19. பிரச்சாரத்துக்கு இரண்டே வாரம். அதனால் நோட்டை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

அது என்ன வேலை என்று முதலில் பாருங்கள்

கூட்டரசு, அதாவது நாடு முழுவதுக்குமான, அரசியலமைப்பின் 47ஆவது விதி, மக்களவைக்கு நிற்பவர் குடிமகனாக இருக்க வேண்டும், நாட்டில் வசிக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. 48ஆவது விதி யாரெல்லாம் நிற்க முடியாது என்று சொல்கிறது: கடன் தீராத திவாலானவர், ஒரு வருடத்துக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று மன்னிப்புக் கிடைக்காதவர், இப்படி. மதம் என்ற சொல்லே இந்த இரண்டிலும் இல்லை. பிரதமர் நியமனம் பற்றிய 43ஆவது விதியிலும் இல்லை, இதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் என்றாலும். சிலாங்கூர், பேராக் போன்ற மாநிலங்களில் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) பதவிக்கு மாநில அரசியலமைப்பிலேயே மத நிபந்தனை உண்டு. அது வேறு பதவி, வேறு சட்டம்.

ஜெயித்தவர் மக்களவையில் எடுக்கும் உறுதிமொழி 6ஆவது அட்டவணையில் இருக்கிறது. கடமையை இயன்றவரை உண்மையாகச் செய்வேன், மலேசியாவுக்கு விசுவாசமாக இருப்பேன், அதன் அரசியலமைப்பைப் பேணிக் காப்பேன். தொடக்கத்தில் 'சத்தியம் செய்கிறேன் (அல்லது உறுதி கூறுகிறேன்)' என்று வரும். மொழிபெயர்ப்பாளர் புத்தியோ என்னவோ, எனக்கு அந்த 'அல்லது' மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று. நம்மவர்கள் வேட்பாளரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எங்க கோயில் நிலத்துக்கு என்ன செய்வீங்க?" பினாங்கில் நிலம் மாநில அரசின் கையில். இந்து அறப்பணி வாரியமும் மாநிலத்துக்குக் கீழேதான் வருகிறது. அந்தக் கேள்வியைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அங்கே சட்டமன்றமே கிடையாது, நிலமும் கூட்டரசின் பொறுப்பு. ஆகவே என் பேத்தி அதை நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்டால் பொருத்தம், நான் கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, மருத்துவமனை எல்லாம் இரண்டு ஊரிலும் கூட்டரசு விவகாரம்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஜெலுத்தோங்கை விட்டுச் சில வருடம் வேறு தொகுதியில் குடியிருந்தேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒருவர் தைப்பூசத்தில் வெறுங்காலோடு பால்குடம் தூக்கி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கண் கலங்கியது. ஓட்டும் போட்டேன். எதிர் வீட்டு அம்மா இங்கேயே பிறந்தவர், 70 வயதில் இன்னமும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. அவருக்காக நானே மலாயில் கடிதம் எழுதி ஜெயித்து ஒய்பி (மாண்புமிகு உறுப்பினர்) ஆகிவிட்ட அவரின் சேவை மையத்தில் இரண்டு முறை கொடுத்தேன். பதில் இல்லை. அம்மா சிவப்பு ஐசியோடே இறந்துபோனார். ஓட்டுப் போடுவதற்கு முன்பு குடியுரிமை பற்றி அந்த வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

மதத்தைப் பற்றிக் கேட்கவே கூடாதா?

கேட்கலாம். சில நேரம் கேட்டே ஆக வேண்டும். நம் நாட்டில் 3ஆவது விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் மதம் என்கிறது, மற்ற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் அதிலேயே சொல்கிறது. 11ஆவது விதி மதச் சுதந்திரம். இவற்றைத் தொடும் மசோதாக்கள் மக்களவைக்கு வருகின்றன. நம் உறுப்பினர் அங்கே வாயைத் திறந்தாரா என்பது நமக்குத் தெரிய வேண்டும். அவர் வீட்டுப் பூஜை அறை தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1960இல் ஜான் கென்னடி அதிபர் பதவிக்கு நின்றபோது, கத்தோலிக்கர் ஆயிற்றே, போப் சொல்வதைத்தானே கேட்பார் என்று பலர் பயந்தார்கள். அவர் ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னாலேயே போய் நின்று பேசினார். தன் மனசாட்சிக்கும் பதவிக்கும் மோதல் வந்தால் பதவியை விட்டு விலகிவிடுவேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. அந்த நாட்டு அரசியலமைப்பின் 6ஆவது விதி அரசுப் பதவிக்கு மதச் சோதனை வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தத் தடை அரசுக்குத்தான். வாக்காளரின் மனதுக்குள் எந்தச் சட்டமும் நுழைய முடியாது. அந்தச் சோதனையை நாமேதான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும் கேள்வி பொத்தாம்பொதுவாக இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும். "எல்லா மதத்தையும் மதிப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், மதிக்க மாட்டேன் என்று எந்த வேட்பாளர் சொல்வார்? 2017 ஆகஸ்டில், திருமணம், மணவிலக்குச் சட்டத் திருத்தத்திலிருந்து 88ஏ என்ற பிரிவை அரசாங்கம் எடுத்துவிட்டது. பெற்றோரில் ஒருவர் மட்டும் மதம் மாறினால் பிள்ளைகளின் மதம் என்ன என்பது பற்றிய பிரிவு அது. 2018 ஜனவரி 29இல் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையை மதம் மாற்ற இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேட்பாளரிடம் இப்படிக் கேளுங்கள்: "88ஏ மறுபடி வந்தால் ஆதரித்து ஓட்டுப் போடுவீர்களா?" ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை வரம்பு பற்றிய சட்டம் 355 இருக்கிறது. 3 வருடச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி என்ற அந்த வரம்பை உயர்த்த பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் தலைவர் அப்துல் ஹாடி அவாங் 2016, 2017இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். "உங்கள் நிலை என்ன, கூட்டணித் தலைவர் வேறு மாதிரி சொன்னால் என்ன செய்வீர்கள்?" அவர் இந்துவாக இருந்தாலும் கேளுங்கள், பௌத்தராக இருந்தாலும் கேளுங்கள். முஸ்லிம் வேட்பாளரிடம் மட்டும் கேட்டால் நாம் மதத்தைத்தான் கேட்கிறோம், கொள்கையை அல்ல.

மூன்று மொழியில் கேளுங்கள்

என் தொழில் ரகசியம் இது. அநேகமாக எல்லா செராமாவும் (பிரச்சாரக் கூட்டப் பேச்சு) இப்போது போனில் கிடைக்கிறது. ஒரே வேட்பாளர் தமிழர் மண்டபத்தில் பேசியது, மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) பேசியது, சீனர் விருந்தில் பேசியது, மூன்றையும் பாருங்கள். மாண்டரின் தெரியாவிட்டால் சீனத் தோழியிடம் காட்டுங்கள், ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும். தொனி மாறுவது இயல்பு, நானே மாமியாரிடம் ஒரு தமிழ், மகனிடம் ஒரு தமிழ் பேசியவள். ஆனால் ஓரிடத்தில் தந்த வாக்குறுதி இன்னோரிடத்தில் காணாமல் போனால் வலது பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். ஓரிடத்தில் 'நம் மதத்துக்கு ஆபத்து' என்றும் மற்ற இடத்தில் 'நாம் எல்லாரும் ஒரு குடும்பம்' என்றும் பேசுகிறவருக்குச் சிவப்புப் பேனா.

ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் ஹன்சார்ட் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் பேசியதன் எழுத்துப் பதிவு. நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசம், பெரும்பாலும் மலாயில். பேசுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தொகுதிப் பெயர் இருக்கும். மற்ற உறுப்பினர்கள் அவரைத் தொகுதிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆகவே தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம் குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, வழிபாட்டுத் தலம் இவற்றுக்கான மலாய்ச் சொற்களைப் போடுங்கள். கோயிலுக்கு மலாயில் குயில். பேத்தி அதைக் கேட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். கொஞ்சம் பொறுமை வேண்டும், நூறு பக்கத்துக்கு மேல் போகும் நாட்களும் உண்டு.

மதத்தைச் சொல்லி மிரட்டினால் அது வேறு கணக்கு. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, ஓட்டுக்காக ஒருவருக்கு உலகியல் கேடோ ஆன்மிகக் கேடோ வரும் என்று மிரட்டுவதைக் குற்றம் என்கிறது. "இவருக்குப் போட்டால் பாவம், சாமி குத்தம்" என்று யாராவது ஓட்டுக் கேட்டால் தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்று எழுதிவைத்துப் போலீசில் புகார் கொடுக்கலாம். நம் கோயில் மேடையில் நம் ஆள் சொன்னாலும் அதே சட்டம்தான்.

கடைசியாகப் பெயரை மறைத்துப் பாருங்கள்

பக்கம் நிரம்பியதும் மேலே ஒரு துண்டுத் தாளை வைத்து வேட்பாளர் பெயரையும் இடது பக்கத்தையும் மூடுங்கள். வலது பக்கத்தை மட்டும் படியுங்கள். பிறகு அதே காரியங்களை வேறு மதத்துக்காரர் செய்ததாக நினைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். கோபமோ பாசமோ கூடிக் குறைந்தால் அது உங்கள் கணக்கு, அவருடையது இல்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக் குறையத்தான் செய்கிறது. பினாங்கு ரோட்டில் பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்துக்குப் போகும் தமிழர்களும், சூலியா தெருவில் நாகூர் தர்காவுக்குப் போகும் தமிழர்களும் என் கூடப் படித்தவர்கள்தான். இருந்தும் 'நம்ம ஆளு' என்றால் எனக்கு முதலில் விபூதிதான் கண்ணில் தெரிகிறது.

இந்த மூடிப்பார்க்கும் வேலையை என் அப்பா நோட்டு இல்லாமலேயே செய்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வருடம் தவறாமல் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தவர். 1978இல் ஜெலுத்தோங்கில் சீக்கியரான வக்கீல் கர்ப்பால் சிங் நின்றபோது அப்பாவின் நண்பர்கள், டர்பன் கட்டினவருக்கு நம் கஷ்டம் என்ன தெரியும் என்றார்கள். அப்பா கேட்டது, "அவரு கோர்ட்டுல நல்லா வாதாடுவாரா, மாட்டாரா?" அவ்வளவுதான். எனக்கு அப்போது 19 வயது. 21 ஆனால்தான் ஓட்டு, வீட்டிலேயே இருந்தேன். கர்ப்பால் சிங் 1999 வரை அந்தத் தொகுதியை வைத்திருந்தார்.

பேத்தி யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லப்பட்டவரின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவர் உண்மையில் எந்த மதம் என்பதை அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லையாம். பெயரை வைத்து யாரோ கட்டிய கதை. வலது பக்கத்தில் ஏழு வரி இருந்தது, இரண்டு சிவப்பு.

நோட்டை ஓட்டுச்சாவடிக்குள் கொண்டுபோக வேண்டாம், போனையும் வெளியே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தோற்றவர்களின் பக்கங்களைக் கிழித்துவிடலாம். ஜெயித்தவரின் பக்கத்துக்குப் பின்னால் பத்து வெள்ளைத் தாள் ஒட்டிவையுங்கள். என் நோட்டில் அப்படி ஒட்டியதில் நாலு தாள் நிரம்பிவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்கு ஒய்பி மோர் ஊற்ற வந்தால் கேட்பதற்கு இரண்டு கேள்வி குறித்து வைத்திருக்கிறேன், ஒன்று சிவப்பு ஐசி பற்றி.