வராத லாரிக்குக் கொடுத்த அட்வான்ஸை வாங்கிய விதம்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வீடு மாற்ற, சென்னை பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஒன்றுக்கு ஜிபேயில் அட்வான்ஸ் போட்டேன். லாரி வரவில்லை. ஐப்பசி மழையைச் சாக்குச் சொன்னார்கள். பிறகு, "கேன்சல் பண்ணா அட்வான்ஸ் கிடையாது சார்" என்றார்கள்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். கோபத்தில் "கேன்சல்" என்று நாமே எழுதிவிட்டால், அதையே பிடித்துக்கொள்வார்கள். "காலை 8 மணிக்கு ஒப்புக்கொண்ட வண்டி வரவில்லை, அட்வான்ஸைத் திருப்புங்கள்" என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணம் பெரும்பாலும் தனிநபர் கணக்குக்கே போயிருக்கும்; கம்பெனிக்கு வரவில்லை என்று மறுக்கலாம். ஆகவே கொட்டேஷன், யூடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்), அவர்கள் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன மெசேஜ் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

கொட்டேஷனில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவு முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்கு 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார்.

கம்பெனி சென்னையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இதை நோட்டீஸில் தெளிவாக எழுதியிருந்தேன். கெடு முடியுமுன் முழுப் பணமும் கணக்கில் ஏறியது.