அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருகிறதா? மாத்திரையும் பேடும் வைத்துக்கொண்டு தூரப் பயணம் போகலாம்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே "வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும்" என்று கேட்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. இந்தத் தொந்தரவு இருக்கிற நிறையப் பேர் முட்டி வலி, தலை சுற்றல் என்று வேறு காரணம் சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர்கள் இதை ஓவர்ஆக்டிவ் பிளாடர் என்கிறார்கள். சிறுநீர்ப்பையின் சுவரில் இருக்கும் தசை, பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் திடீரென்று அடக்க முடியாத அவசரம் வருவது, பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போவது எல்லாம். சிலருக்குக் கதவைத் திறப்பதற்குள் கசிந்தும் விடும். மாத்திரை இதைக் குறைக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முழுசாக நிறுத்தாது. மிச்சம் இருப்பதைத் தாங்கத்தான் பேடு. மாத்திரை சாப்பிடுகிறேன், பேடு எதற்கு என்பவர்களும், டயப்பர் போட்டிருக்கிறேன், டாக்டர் எதற்கு என்பவர்களும் பாதி உதவியோடுதான் வண்டி ஏறுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் பயம் குறைகிறது, பயம் குறைந்தாலே அவசரமும் கொஞ்சம் அடங்குகிறது. இது என் அனுபவம்.

மாத்திரையை ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் தொடங்காதீர்கள்

இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடனே கேட்காது. முழுப் பலன் தெரிய நாலு வாரம், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் நவம்பரிலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் இதே மாதிரி அடிக்கடி போக வைக்கும் என்பதால் முதலில் யூரின் டெஸ்ட், சுகர் டெஸ்ட் எழுதுவார். ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கலாம், அதனால் சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிப் போட்டால் சிறுநீர் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

மாத்திரைகள் பொதுவாக இரண்டு வகை. சோலிஃபெனாசின், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின், டாரிஃபெனாசின் எல்லாம் ஒரு வகை. இவை அந்தத் தசையின் துடிப்பை அடக்கும், கூடவே வாய் வறளும், மலச்சிக்கல் வரும், பார்வை கொஞ்சம் மங்கலாம், வயதானவர்களுக்குக் குழப்பம், மறதிகூட வரலாம். கண்ணில் குளுக்கோமா இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொரு வகையில் நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது மிராபெக்ரான், 25 அல்லது 50 மில்லிகிராம். இது சிறுநீர்ப்பையைத் தளர விடும், வாய் வறட்சி குறைவு. ஆனால் பிரஷரை ஏற்றலாம், அதனால் பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சரிவராது. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், மிராபெக்ரான் அதன் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

பயணத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பஸ் வாந்திக்கு நாம் சாதாரணமாகப் போடும் அவோமினில் ப்ரோமெத்தசின் இருக்கிறது, ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. இவை இரண்டுமே முதல் வகை மாத்திரை செய்வதையே ஓரளவுக்குச் செய்பவை. சேர்த்துப் போட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், மயக்கம் கூடும், சிலருக்குச் சிறுநீர் போகவே சிரமமாகும். வாந்திக்கு வேறு என்ன போடலாம் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதே போல முதல் வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். மே மாசத்து வெயிலில் திருவண்ணாமலை கிரிவலம் சுற்றப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, உடம்பு சூடு இறங்க வழியில்லாமல் போகும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த 14 கிலோமீட்டரைச் சாயங்காலத்துக்கு மேல் நடப்பதுதான் நல்லது.

பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பயண நாளன்று அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நேரத்தை மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீர் கூடுதலாகப் போகும், அதையும் சொல்லிவையுங்கள்.

எடுத்துப் போகும்போது மாத்திரையைத் துண்டு துண்டாக வெட்டாமல் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி முழு அட்டையாக வையுங்கள். பாதி கைப்பையில், பாதி பெட்டியில். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிராபெக்ரானையும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளையும் உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள்

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பழக்கம் நிறையப் பேருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இருக்கிறது. சிறுநீர் கெட்டியானால் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், தொற்றுக்கும் வழி விடும். மாத்திரையால் ஏற்கெனவே வரும் மலச்சிக்கலும் மோசமாகும், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதற்குப் பதில் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் குடியுங்கள். நிறுத்த வேண்டியது காபி, டீ, சோடா, கோலா எல்லாம்தான். மோட்டலில் வண்டி நின்றதும் கைக்கு வரும் அந்த டீ, அடுத்த ஒரு மணி நேரத்தைக் கெடுத்துவிடும். இளநீரும் வண்டி ஏறுமுன் வேண்டாம், இறங்கிய பிறகு குடிக்கலாம்.

பேடு, டயப்பர்: எதை, எப்படி

மாதவிடாய்க்கு வைக்கும் நாப்கின் ஒன்றிரண்டு சொட்டுக் கசிவுக்குத் தாங்கும், அவ்வளவுதான். சிறுநீர் வேகமாக, ஒரே நேரத்தில் நிறைய வரும். அதை உள்ளே இழுத்து ஜெல்லாக மாற்றும் பேடுதான் வேண்டும், கடையில் சிறுநீர்க் கசிவுக்கான பேடு என்று கேட்டு வாங்குங்கள். மொத்தமாகப் போய்விடும் என்று பயமிருந்தால் ஜட்டி மாதிரி போடும் பேண்ட் டயப்பர் எடுங்கள். பக்கத்தில் டேப் ஒட்டும் வகை படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு என்று சொல்வார்கள், ஆனால் ஒரு சௌகரியம் இருக்கிறது, கீழாடையை முழுசாகக் கழற்றாமல் மாற்றலாம். பேண்ட் வகையைக் கழற்றும்போது பக்கத் தையலைக் கிழித்துவிடலாம், ஆனால் புதுசைப் போட சுடிதார் பேண்ட்டைக் கழற்றியாக வேண்டும், ஓடும் ரயிலின் ஈரத் தரையில் அது பெரும்பாடு. நான் செய்வது, பேண்ட் டயப்பருக்குள் ஒரு பேடையும் வைத்துக்கொண்டு, நனைந்தால் பேடை மட்டும் உருவி எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. பேடின் அடிப்பக்கம் பிளாஸ்டிக்காக இருப்பதால் அது நிரம்பினால் ஓரத்தில் வழியும், அதனால் நிரம்பும்வரை விட்டுவைக்காதீர்கள். புடவை, வேட்டி, எலாஸ்டிக் வைத்த பேண்ட் எல்லாம் நல்லது. முடிச்சு விழும் நாடா அவசரத்துக்கு எதிரி.

அளவு இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தது, டேப் வைத்து அளந்து பாக்கெட்டில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். பெரிய அளவு வாங்கினால் தொடை ஓரத்தில் இடைவெளி விழுந்து அங்கேதான் கசியும். வாங்கிய பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை, அதாவது 200 மில்லி, ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு தாங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு அமைதியாகும். ஒரு நாள் வீட்டிலேயே போட்டு உட்கார்ந்து, நடந்தும் பாருங்கள்.

நனைந்ததை நாலைந்து மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் தொடையிடுக்கு புண்ணாகும். மாற்றும்போது துடைத்து, காய விட்டு, ஜிங்க் ஆக்சைடு க்ரீமோ வாசலினோ மெல்லிசாகப் பூசுங்கள். க்ரீமைத் திட்டாகப் பூசினால் பேடு உறிஞ்சாது. கைப்பையில் பழைய செய்தித்தாள், கறுப்பு கவர், ஜிப் கவர், ஈரத் துடைப்புத் தாள், மாற்று உள்ளாடை இருக்கட்டும். பயன்படுத்தியதைச் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ரயில் கழிவறைக்குள் போடவே கூடாது, பயோ டாய்லெட் அடைத்துப் பெட்டி முழுக்க எல்லாரும் அவதிப்படுவார்கள்.

பஸ், ரயில், விமானம்

கிளம்புவதற்கு முன் மூன்று நாள், சிறுநீர் போகும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். டாக்டருக்கும் அது உதவும், உங்களால் சராசரியாக எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் என்றால் ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு நிறுத்தம் என்று திட்டமிடுங்கள். அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாதாரண நாளில் "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருகிறேன்" என்று அடிக்கடி போவது சிறுநீர்ப்பையைக் கெடுத்துவிடும், பயண நாளில் மட்டும் பரவாயில்லை.

ரயில் கிடைத்தால் ரயில்தான். கழிவறைகள் பெட்டியின் இரண்டு முனையிலும் இருக்கும். 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் பதிவு செய்யலாம், ராத்திரி ஏணியில் இறங்கும் அவஸ்தை இருக்காது. பெர்த் பெட்டியின் நடுவில் விழுந்தால் முனைப் பக்கம் இருப்பவரிடம் மாற்றிக் கேளுங்கள், அல்லது டிடிஆரிடம் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்ற ஒரு வார்த்தை போதும்.

பஸ்ஸில் நிறுத்தம் நம் கையில் இல்லை. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், வீட்டில் போய்விட்டு வந்தது அங்கேயே தீர்ந்துவிடும். பஸ் ஏறும் முன் அங்கே கட்டாயம் ஒரு தடவை போங்கள், எழுந்து உடுத்திக்கொண்டு அரை நிமிஷம் கழித்து மறுபடியும் உட்கார்ந்து மிச்சத்தையும் போக்குங்கள். முன் பக்க சீட், நடைபாதை ஓரம் கேளுங்கள். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், நடுவழியில் சொல்வதைவிட அதுதான் எளிது, பெரும்பாலும் உதவுவார்கள். காரில் போனால் பெட்ரோல் பங்குகளும் சுங்கச்சாவடிகளும் இருக்கின்றன, பங்கில் பெட்ரோல் போடாமலும் கழிவறையைக் கேட்கலாம்.

விமானத்தில் நடைபாதை ஓர சீட், மருந்து கைப்பையில், இறங்குவதற்கு முக்கால் மணி முன்பே ஒரு தடவை. சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டால் எழ விட மாட்டார்கள்.

நடுவழியில் அவசரம் முட்டினால் எழுந்து ஓடாதீர்கள், ஓடும்போதுதான் கசியும். அப்படியே அசையாமல் உட்கார்ந்து, காற்றை அடக்குவது போல அடித்தசையை வேகமாக ஐந்தாறு தடவை இறுக்கி விடுங்கள். மூச்சை நிதானமாக விட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். அலை இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள்.

நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தால் கீழே நீர் கோத்துக்கொள்ளும், ராத்திரி படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும். அதனால் போன இடத்தில் சாயங்காலமே ஒரு மணி நேரம் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்து, எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுப் பிறகு தூங்கப் போங்கள். சொந்தக்காரர் வீட்டில் படுக்கும்போது கழிவறைக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள், மெத்தைக்கு மேல், விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போடுங்கள்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், வயிறு உப்பி சிறுநீர் வராமல் போவது, கால் மரத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஃபோனில் இருக்கும் சீட்டைக் காட்டினால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்.