மாற்று இதயம்: நெஞ்சுவலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

இதய மாற்று அறுவைக்குப் பின் நாட்பட்ட நிராகரிப்பு, அதாவது மாற்று இதயத்தை உடல் மெல்ல மெல்ல எதிர்ப்பது, சத்தமில்லாமல் வளரும். இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி ரத்தக்குழாய்களின் உட்சுவர் சுற்றிலும் சீராகத் தடித்து, நுனிக்கிளை வரை துவாரம் குறுகும். ரத்தம் போதாத தசையில் தழும்பு படிந்து இதயம் விறைக்கும். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஞ்சியோகிராமில் இது தென்படுகிறது.

இதில் ஆபத்தான தவறு, வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான். அறுவையின்போது இதயத்தின் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. பிறகு ஓரளவே திரும்ப வளர்கின்றன. அதனால் மாரடைப்பே வந்தாலும் பலருக்கு வலி தெரியாது. மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவது, கால் வீக்கம், காரணமில்லாத அசதி, படபடப்பு, மயக்கம் ஆகியவைதான் அறிகுறிகள். அன்றே மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

"பயாப்சி நல்லா இருக்கு" என்பதும் போதாது. கழுத்து ரத்தக்குழாய் (சிரை) வழியாக இதயத்திலிருந்து எடுக்கும் சிறு தசைத்துணுக்குகள் திடீர் நிராகரிப்பைக் காட்டும். பெரிய கரோனரி குழாய் அவற்றில் இருக்காது. ஆஞ்சியோகிராமும் ஏமாற்றலாம். குழாய் முழுவதும் ஒரே அளவாகச் சுருங்கினால், ஒப்பிட அகலமான பகுதியே மிஞ்சாது, படம் இயல்பாகத் தெரியும். ஆகவே ஒப்பிட உதவும் பழைய ஆஞ்சியோ சிடிக்களைத் தூக்கிப் போடாதீர்கள். குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சுவரையே அளக்கும். முதல் ஆண்டுக்குள் தடிப்பு 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் அது கடும் எச்சரிக்கை.

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து வேளை தவறினால், தானம் பெற்ற இதயத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகிக் குழாயின் உட்படலத்தைத் தாக்கும். அத்தகைய மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நாளுக்கு இருவேளை சாப்பிடுபவர்கள், முந்தைய வேளை மருந்துக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் கணக்கு சரிவரும். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃபுளூகோனசோல் (பூஞ்சை மருந்து) அந்த அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பாதாளத்துக்கு இறக்கும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம்.

கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே என்று ஸ்டேட்டினை நிறுத்துகிறவர்கள் உண்டு. மாற்று இதயத்தில் அது குழாயைக் காக்கவும் தரப்படுகிறது. ஆனால் நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினோடு சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் கூடாது, தசை சிதையும்.

ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்புக்குத்தான் உதவும். பரவலான தடிப்புக்கு உதவாது. நிராகரிப்பைத் தடுக்கும் எவரோலிமஸ் என்ற மருந்து தடிப்பின் வேகத்தைக் குறைக்கும். முதல் ஆண்டுகளிலேயே தொடங்கினால் பலன் அதிகம். ஆனால் புண் ஆறத் தாமதமாகும் என்பதால், வேறு எந்த அறுவைக்கு முன்பும் அதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.