முடக்குவாதத்தோடு வந்த மனச்சோர்வு: என் அனுபவம்

முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையால் மூட்டு வீக்கம் தணிந்த பின்னரும், பங்காளி வீட்டில் முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்குக்கூடப் போக மனமின்றி, காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டு அறையிலேயே அடைந்து கிடந்த நான், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை அழைத்தேன். கடந்த 2 வாரங்களில் தூக்கமும் பசியும் ஈடுபாடும் எப்படி இருந்தன என்று ஆலோசகர் கேட்டார் (வீட்டில் வலியைத்தான் விசாரிப்பார்கள்). வலி குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவதே சோர்வை வளர்க்கிறது என்று விளக்கிய அவர், எந்த நாளானாலும் ஒரே அளவு வேலை, இடையிடையே ஓய்வு என வகுத்துத் தந்தார். அதன்படி, பலகாரம் செய்யும்போது மாவு பிசைவதை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு, பதம் பார்ப்பதை மட்டும் ஏற்றுக்கொண்டேன். உறவினர் முணுமுணுத்தது உண்மைதான். மனச்சோர்வு முடக்குவாத நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுவதால், இப்போது வாதநோய் மருத்துவரிடமும் அதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.