தலைவலி டைரியில் எதை எழுதுவது, ஏன்?

ஒற்றைத் தலைவலி வருபவர்கள் பெரும்பாலும் மண்டை இடிக்கும்போதுதான் நோட்டை எடுக்கிறார்கள். அது தாமதம். பலருக்கு வலிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இனிப்பு மேல் ஆசை என்று அறிகுறிகள் தலைகாட்டிவிடும். அந்த நேரத்திலேயே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் மாற்றம் தெரிவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் தினமும் இரவு இரண்டு வரி எழுதுங்கள்: தூங்கிய நேரம், தவறவிட்ட சாப்பாடு, மேலே சொன்ன அறிகுறிகள், பெண்களென்றால் மாதவிடாய் நாள். வலி இல்லாத நாளிலும் எழுத வேண்டும்; இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாக்லேட் சாப்பிட்டார், வலி வந்தது, பழி சாக்லேட் மேல். ஆனால் உள்ளே தலைவலித் தாக்குதல் தொடங்கிவிட்டதால்கூட அந்த ஆசை வந்திருக்கலாம். சாப்பிடும் முன் கொட்டாவி வந்ததா, கழுத்து பிடித்ததா என்று சேர்த்து எழுதுங்கள். ஆசையே இல்லாத நாட்களில் அதே அளவு சாப்பிட்டும் வலி வராவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம்.

கண்ணில் மினுமினுக்கும் வளைகோடு தெரிந்தால் ஒரு தாளின் நடுவில் புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி அந்தப் புள்ளியையே பார்த்து, கோடு தெரியும் இடத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரைந்து நேரம் குறியுங்கள். அமெரிக்க மூளை ஆய்வாளர் கார்ல் லாஷ்லி தன் பார்வையில் தோன்றிய கோட்டை இப்படி வரைந்துதான், மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் ஆய்வாளர் லியாவோ முயல் மூளையில் அதே போல் மெல்லப் பரவும் அலையைக் கண்டார். மெல்லப் பரவுவதுதான் இந்தக் கோட்டின் அடையாளம். பொதுவாக 5 முதல் 60 நிமிடம் இருக்கும். பார்வையோ பேச்சோ கை பலமோ சட்டென்று ஒரே நொடியில் போனால் நோட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதமாக இருக்கலாம்.

வலி எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் என்பது போதும். வலிக்கு ரத்தக்குழாய் விரிவதே காரணம் என்பது அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு வுல்ஃப் காலத்துப் பழைய கருத்து. இப்போது கவனம் முகத்துக்கும் மூளை உறைக்கும் போகும் டிரைஜெமினல் நரம்பின் மேலும், அது வெளியிடும் சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கின் மேலும் இருக்கிறது. அதைத் தடுக்கும் ஊசிகள் 2018இல் வந்தன.

மாத்திரை போட்ட நிமிடத்தையும் எழுதுங்கள். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரை, வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். மாதக் கடைசியில் மாத்திரை போட்ட நாட்களை எண்ணுங்கள். மூன்று மாதத்துக்கு மேல், மாதம் 10 நாளோ அதிகமோ டிரிப்டான், அல்லது 15 நாளோ அதிகமோ பாராசிட்டமால் என்று போனால் மருந்தே தலைவலியைக் கூட்டலாம். அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.