அரிசியில் ஆர்சனிக்: களைந்தால் போகாது, வடித்தால் குறையும்

இறக்குமதி அரிசி விஷம், உள்ளூர் அரிசி சுத்தம் என்று பிரிப்பதுதான் முதல் தவறு. ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் அரிசியில் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்திக்கு ஆர்சனிக் மருந்து அடித்த பழைய நிலங்களில் நெல் விளைகிறது. வங்காளப் படுகையில் ஆழமில்லாத குழாய்க்கிணற்று நீரே அதை வயலுக்குக் கொண்டுவருகிறது. பாஸ்மதியிலும் கலிஃபோர்னியா அரிசியிலும் பொதுவாகக் குறைவு. ஆர்கானிக் முத்திரையை நம்பியும் பயனில்லை. மண்ணில் இருப்பதை நெல் உறிஞ்சத்தான் செய்யும்.

தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் அப்போது கரைந்து, சிலிக்கா ஏறும் அதே வழியில் வேருக்குள் போகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் இது குறையும். ஆனால் எல்லா வயலுக்கும் இதைச் சொல்லிவிடக் கூடாது. காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் நேர் எதிர்: வயல் காய்ந்தால்தான் அது கரைந்து ஏறும். காட்மியம் உள்ள சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீரில் விளைந்த அரிசியைத் தின்றுதான் ஜப்பானில் இத்தாய்-இத்தாய் நோய் வந்து எலும்புகள் நொறுங்கின. அப்படிப்பட்ட மண்ணில் கதிர் முற்றும் பருவத்தில் வயலைக் காயவிடுவது ஆபத்து.

இனி அடுப்படி. நாலு தண்ணீரில் களைந்தாலும் ஆர்சனிக் கொஞ்சம்தான் போகும். குக்கரில் அளந்து வைத்தால் இருப்பது முழுக்கச் சோற்றிலேயே தங்கும். 1 டம்ளர் அரிசிக்கு 6 முதல் 10 டம்ளர் தண்ணீரில் உலை வைத்து வடித்தால், ஆர்சனிக்கின் அதிக நச்சு வடிவமான கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் குறையும். பி வைட்டமின்களும் கூடவே போகும், அது இதற்கான விலை. வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தால் வடித்ததே வீண்!

வடிக்க மனமில்லையா? 4 டம்ளர் கொதிநீரில் 1 டம்ளர் அரிசியை 5 நிமிடம் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, 2 டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் மூடி வையுங்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வில் இந்த முறையில் வெள்ளை அரிசியில் 73, தவிட்டரிசியில் 54 சதவீதம் குறைந்தது.

இதெல்லாம் தண்ணீர் நன்றாக இருந்தால்தான். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் உள்ள தண்ணீர் என்றால் உலையிலிருந்தே அரிசி அதை இழுத்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் ஆர்சனிக் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

தவிட்டரிசி சத்தானதுதான், ஆனால் ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கனிம ஆர்சனிக்குக்கு வைத்த வரம்பே வெள்ளை அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தவிட்டரிசிக்கு 0.35. கைக்குழந்தைக்கு மூன்று வேளையும் அரிசிக்கஞ்சியே கொடுக்காமல், கேழ்வரகுக் கூழும் பருப்பும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.