விரதத்தில் உடம்பு கெடுவது எங்கே?

ஐப்பசியில் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாள் சஷ்டி விரதம் இருப்பவர்களும், ரமலானில் மாதம் முழுக்க நோன்பு வைப்பவர்களும் மதுரையில் ஏராளம். முறை வேறுவேறு. உடம்பு கெடும் இடங்கள் மட்டும் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் பலன். சாப்பிட்டு 12 மணி நேரம் தாண்டும்போது ஈரலில் சேர்ந்த கிளைகோஜன் குறைந்து, கொழுப்பு அதிகம் எரியத் தொடங்கும்; இன்சுலினும் இறங்கும். பருமனானவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் ஓரளவு குறையலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்வதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2016 நோபல் பரிசு பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி அது நடக்கும் விதத்தை ஈஸ்டில் கண்டறிந்தார். மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் இவ்வளவு நடக்கும் என்று கணக்குச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு சர்க்கரை மாத்திரையில் நடக்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, சோறு உள்ளே போனதா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். வழக்கம்போல் காலையில் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கோயில் வரிசையில் நின்றால், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். விரதக் களைப்பு என்று உட்கார வைத்து விசிறுவது பெரிய பிழை. ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும்: அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு இட்லி. மயங்கி விட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் போடுபவர்களுக்கு நீர் வற்றும், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேரவும் கூடும். இன்சுலினைத் தாமாக நிறுத்துவது இன்னும் மோசம். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்குங்கள். விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பலரின் கருத்து, தயங்காமல் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். மிளகு விரதம் இருப்பவர்கள் மிளகும் பச்சைத் தண்ணீருமாக நாட்களை ஓட்டுவார்கள். உப்பே சேராமல் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், குழப்பம் வரும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடும் வயதானவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். அவர்கள் இந்த விரதத்தைத் தொடவே கூடாது. இளநீர் நல்லதுதான், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அதிலுள்ள பொட்டாசியம் கெடுதல். பேரீச்சைக்கும் அதே எச்சரிக்கை.

காபிப் பிரியர்களுக்கு முதல் நாளே மண்டை இடிக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்து வந்தால் இராது.

பலகார விரதம் பலனைத் தின்றுவிடும். மதியச் சோற்றை விட்டுவிட்டு ராத்திரி பூரி, ஜவ்வரிசி வடை, பாயசம் என்றால் வழக்கத்தைவிட அதிகமாகவே உள்ளே போகும்.

முடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். நோன்புக் கஞ்சி அருமையான உணவு: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி. இரண்டு பேரீச்சை, தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகையைத் தொழுதுவிட்டு அளவாகச் சாப்பாடு. அதோடு சமோசா, பஜ்ஜி, ஜிகர்தண்டா சேரும்போதுதான் நெஞ்செரிச்சலும் எடையும் ஏறுகின்றன. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரைத் தவிர்க்காதீர்கள், முட்டையோ பயறோ இருந்தால் பசி தள்ளிப்போகும்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர், ஏழாம் நாள் முழு விருந்தில் உட்காரக் கூடாது. திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒல்லியானவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். முதல் நாள் நீர்த்த கஞ்சி, மோர், குழைந்த பருப்புச் சாதம் கால் வயிற்றுக்கு. இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்கு வரலாம்.

கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் டாக்டர் சம்மதம் இல்லாமல் பட்டினி கிடக்க வேண்டாம்.